குமிழ் உள்ளே போகும்வரை

மார்கழியில் நாலைந்து நாள் காவிரிப் பக்கமிருந்து கொஞ்சம் ஈரக்காற்று வரும். அதற்கே திருவானைக்காவல் கடைத்தெருவில் பெரியவர்கள் மஃப்ளர் சுற்றி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பால் வாங்கப் போவார்கள். எங்கள் ஊர்க் குளிர் அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் வெயில், புழுக்கம், மறுபடி வெயில். இந்த ஊரில், பனி உறைந்து கிடக்கும் தேசத்தில் எஞ்சினைக் கிளப்புவதற்கென்று செய்த ஒரு சின்னத் தொட்டி வற்றாமல் பார்த்துக்கொள்வது பல வருடங்கள் என் வேலையாக இருந்தது. சித்திரையில் தார் உருகிச் செருப்பில் ஒட்டும் நாளிலும் அந்தத் தொட்டியில் பனிக்கான மருந்தை ஊற்றியிருக்கிறேன். யாராவது கேட்டால் எனக்குப் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் அவ்வப்போது வந்ததுண்டு.

வண்டி என் அண்ணனுடையது. படித்து முடித்ததும் ஜப்பானுக்கு வேலைக்குப் போனான். அங்கேயும் வடக்கே, வருடத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஊர். அங்கே பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். சிவப்பு நிறம், தாழ்வான உடம்பு, தூங்கும்போது கண்ணை மூடிக்கொள்வதுபோல முன்விளக்கு இரண்டும் உள்ளே மடங்கிக்கொள்ளும். ஊருக்கே திரும்பி வந்துவிடுகிறேன் என்று முடிவெடுத்தபோது கப்பலில் அதையும் ஏற்றிவிட்டான். துறைமுகத்தில் பல மாதம் கிடந்து, அப்பா நடையாய் நடந்து, ஒருவழியாக எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

தெருவுக்கு வந்துவிட்டது, நிறுத்த இடம் இல்லை. எங்கள் வீடு அகலம் குறைந்த, நீளமான வீடு. தெருவைப் பார்த்த முன்னறையில் நான் கணக்கு டியூஷன் நடத்திக்கொண்டிருந்தேன். அம்மா இறந்த வருடம் ஆரம்பித்தது. சுவரில் அடித்த கரும்பலகை, பாய், இரண்டு பெஞ்ச், மேலே ஃபேன், ஜன்னல் வழியாகத் தெருவோர வேப்பமரத்துக் காற்று. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் மாலையில் வந்து நிறைந்துவிடுவார்கள். இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த அறை ஒன்றுதான். அப்பா கொத்தனாரைக் கூட்டிவந்து முன்சுவரை இடித்து ஷட்டர் போட்டார். என்னிடம் கேட்கவில்லை. சொன்னார்.

“பசங்கள மாடில வெச்சு சொல்லிக் குடும்மா. அண்ணன் சொந்தமா எடம் வாங்கினதும் வண்டிய எடுத்துட்டுப் போயிடுவான். கொஞ்ச நாள்தான்.”

மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டுக் கரும்பலகையை அங்கே கொண்டுபோய் மாட்டினேன். பங்குனியிலிருந்து ஆடிவரை அங்கே உட்காரவே முடியாது. பிள்ளைகள் நோட்டை விசிறியாக்கிக்கொண்டு இருபடிச் சமன்பாடு போட்டார்கள். ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அவளுடைய அம்மா வந்து, “தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர், கீழ எடம் இருந்தா சொல்லுங்க, அனுப்பறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். கீழே இடத்தில் கார் நின்றது.

அண்ணனுக்கு ஊர் ஒத்துவரவில்லை. இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை, கனடாவில் வேலை கிடைத்ததென்று கிளம்பிவிட்டான். கிளம்புவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தான். எனக்கு ஓட்டத் தெரியும். வண்டி கற்றுக்கொண்டது என் காசில், என் பிடிவாதத்தில். ஆனால் இந்த வண்டிக்குத் தனிப் பாடம் இருந்தது.

“இதுல பிஸ்டன் கெடையாது. ரோட்டரி எஞ்சின். உள்ள முக்கோணமா ஒண்ணு சுத்தும்” என்று ஆரம்பித்தான். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது மாதிரி என்று எனக்கு நானே புரியவைத்துக்கொண்டேன். காலையில் குளிர்ந்திருக்கும் எஞ்சினைக் கிளப்ப, டாஷ்போர்டில் இருக்கும் சோக் குமிழை முழுக்க வெளியே இழுக்க வேண்டும். அப்போதுதான் பெட்ரோல் கூடுதலாக உள்ளே போகும். கிளம்பியதும் எஞ்சின் உச்சக் குரலில் கத்தும், பயப்படக் கூடாது. எஞ்சின் சூடானதும் குமிழ் தானாகவே ‘டக்’கென்று உள்ளே போய்விடும். குமிழை ஒரு காந்தம் பிடித்துவைத்திருக்கும், சூடு ஏறினால் விட்டுவிடும் என்றான்.

“இத மட்டும் மறந்துடாத. குமிழ் உள்ள போற வரைக்கும் வண்டிய ஆஃப் பண்ணவே கூடாது. பாதில ஆஃப் பண்ணினா உள்ள பெட்ரோல் தேங்கிடும். அப்பறம் நீ தலைகீழா நின்னாலும் ஸ்டார்ட் ஆகாது.”

பிறகு பானெட்டைத் திறந்து அந்தச் சின்னத் தொட்டியைக் காட்டினான். வெள்ளை பிளாஸ்டிக், ஒரு சொம்பு அளவு. தண்ணீர் உறையும் குளிரையும் தாண்டிக் கீழே இறங்கினால், கிளப்பும்போது இதிலிருந்து உறையாத மருந்து கொஞ்சம் கார்பரேட்டருக்குள் பீச்சும். பக்கத்தில் ஜப்பானிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். “இது இங்க தேவையில்ல, காலியாவே இருக்கட்டும்” என்று சொன்னானா, சொல்லவில்லையா என்பது எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அப்பா அதைக் காதில் வாங்கியிருக்க மாட்டார். அவர் அந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அதன்மேல் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

எனக்கும் அண்ணனுக்கும் அதற்குப் பிறகு பேச்சு இரண்டு வார்த்தைதான். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். முன்னறை போன கோபத்தை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் பேசுவதெல்லாம் அப்பாவிடம்தான். அழைப்பு வந்தால் அப்பா போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது எனக்கு ஓர் உத்தரவு வரும்.

“அண்ணன் சொன்னான், ஞாயித்துக்கெழம தவறாம ஸ்டார்ட் பண்ணணுமாம்.”

“அண்ணன் சொன்னான், ஒரு ஸ்க்ரூவைக்கூட மாத்தக் கூடாதாம். ஒரிஜினலா இருக்கணுமாம்.”

“அண்ணன் சொன்னான், அந்தச் சின்ன டேங்க் காலியா இருக்கக் கூடாதாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவுக்கே அலாரம் நான்தான். ஷட்டரைத் தூக்கி, சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பினால் விமானம் இறங்குவது மாதிரி ஒரு சத்தம். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடித்துக்கொண்டு, “என்ன டீச்சர், ஃப்ளைட் கெளம்பிருச்சா? கோயிலுக்கு வர்றவங்களையும் ஏத்திக்கிட்டுப் போங்க” என்பார். நான் உள்ளே உட்கார்ந்து அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருப்பேன். மடியில் பிள்ளைகளின் டெஸ்ட் பேப்பர் இருக்கும். டக்கென்ற சத்தம் கேட்கும்வரை திருத்திக்கொண்டிருப்பேன். மாதம் ஒருமுறை கொள்ளிடம் பாலம்வரை ஓட்டிவிட்டு வருவேன். அந்த அரைமணி நேரம் வண்டி நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் திரும்பி வந்து என் அறையில் அதை நிறுத்தும்போது பழைய கோபம் திரும்பிவிடும்.

சில வருடத்தில் புதிதாக ஒரு வியாதி வந்தது. கிளப்பினால் பின்னால் வெள்ளைப் புகை. சாதாரணப் புகை இல்லை, வெல்லப்பாகு காய்வது மாதிரி ஒரு தித்திப்பு வாசனையோடு தெருவை அடைத்துக்கொண்டு போகும். மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். பானெட்டைத் திறந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். “பிஸ்டன் எங்கங்க?” என்றார். இல்லை என்றேன். “அப்ப நமக்கு இது வேணாங்க” என்று பானெட்டைப் பூவைப்போல மூடிவிட்டுப் போய்விட்டார். இப்படி மூன்று பேர் மூடினார்கள். கடைசியில் நானே ராத்திரி பகலாக இணையத்தில் தேடி, எந்த நாட்டிலோ இதே வண்டி வைத்திருந்தவர்கள் எழுதியதைப் படித்துக் கண்டுபிடித்தேன். குளிரை உணரும் சென்சார் செத்துப்போயிருந்தது. அதனால் வண்டி தான் இன்னமும் பனியில்தான் நிற்பதாக நம்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் தொட்டியிலிருந்து மருந்தைப் பீச்சி, எரித்துப் புகையாக விட்டது.

இதற்கு வைத்தியமும் அதிலேயே எழுதியிருந்தார்கள். அந்த ஏற்பாடே இப்போது யாருக்கும் தேவையில்லை, அதற்குச் சாமானும் கிடைக்காது, குழாயை அடைத்துத் தொட்டியைக் கழற்றி எறியுங்கள். ஒரு ரப்பர் மூடி போதும். நான் ரப்பர் மூடியை வாங்கிக்கொண்டு வந்து நின்றேன்.

அப்பா வாசலை மறித்துக்கொண்டார். “அண்ணனக் கேக்காம கைய வைக்காத.”

“கேட்டுட்டு சொல்லுங்கப்பா.”

அன்று மாலை போனோடு கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்து, “வேணாங்கறான். அது பாட்டுக்கு இருக்கட்டுமாம். அந்த மருந்து மட்டும் குறையாம பாத்துக்கணுமாம்” என்றார்.

குறையாமல் பார்த்துக்கொண்டேன். மருந்து என்றால் கூலண்ட்தான். காந்தி மார்க்கெட் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கித் தண்ணீரோடு கலந்து ஊற்றுவேன். கடைக்காரர் முதலில் சும்மா கொடுத்தார். பிறகு, “லாரி ஏதும் ஓட்டறீங்களா மேடம்?” என்றார். எதற்கென்று சொன்னதும் கடையிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டு, “கேட்டுக்கங்கடா, நம்மூருல பனி பெய்யுதாம்” என்றார். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். வெளியே வந்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது சிரிப்பினால் வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க மணப்பாறையிலிருந்து வந்தார்கள். அப்போதே எனக்கு வயது கூடித்தான் இருந்தது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். நான் குமிழுக்காகக் காத்துக்கொண்டு வண்டிக்குள் இருந்தேன். ஆஃப் பண்ண முடியாது, பண்ணினால் அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அத்தை புகைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கண்ணாடியில் தட்டி, “பொண்ணு வீடு இதுதானாம்மா?” என்று என்னிடமே கேட்டார். அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை. அதற்கு வண்டிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா மட்டும், “இன்னிக்கு ஒரு நாள் ஸ்டார்ட் பண்ணாம இருந்திருக்கலாம்” என்றார். தவறாமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னதும் இவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

முன்னறையை நான் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு கோடைவிடுமுறை முடிவிலும் கேட்டேன். வண்டியைத் தெரிந்தவர் யாருடைய இடத்திலாவது நிறுத்தலாம், மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் சித்தப்பா வீட்டுக் களத்தில் இடம் கிடக்கிறது என்று வழியும் சொன்னேன். அப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான். “அவன் வந்தா மொதல்ல வண்டியத்தான் கேப்பான். வீட்ல இல்லைன்னா என்ன நெனப்பான்? நமக்கு இங்க எடமில்லன்னு நெனச்சிக்க மாட்டானா?” வண்டி இருக்கும்வரை அவன் வருவான் என்பது அப்பாவின் கணக்கு. இத்தனை வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த எனக்கு அந்தக் கணக்கில் நான் எங்கே வருகிறேன் என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கும் இந்த வண்டிக்கும் வருடத்தில் ஒரு பெரிய பரீட்சை ஆயுதபூஜை. அன்றைக்கு எங்கள் தெருவில் சைக்கிள் முதல் லாரிவரை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைப்பார்கள். சூடம் காட்டியதும் வண்டியைக் கிளப்பிப் பழத்தின்மேல் ஏற்றி நசுக்கி, நாலு அடி முன்னே போய் நிறுத்தி ஆஃப் செய்துவிடுவார்கள். மற்ற வண்டிகளை அது ஒன்றும் செய்யாது. இந்த வண்டிக்கு அதுதான் விஷம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, நாலு அடி ஓட்டி, உடனே நிறுத்துவதைவிடப் பெரிய கெடுதலை யோசித்துக்கூடச் செய்ய முடியாது. முன்னாலேயே சூடாக்கி வைக்கலாமென்றால், பூஜைக்கு முன்னால் வண்டியைக் கிளப்பக் கூடாது என்று அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் ஒவ்வொரு வருடமும் சூடம் காட்டியபின் கிளப்பிவிட்டு, சக்கரத்தடியில் பழங்களோடு அப்படியே உட்கார்ந்திருப்பேன். அவல்பொரிக்கு வந்த பிள்ளைகள் பொறுமை இழந்து “நசுக்குங்க டீச்சர்” என்று கத்துவார்கள். குமிழ் உள்ளே போன பிறகுதான் நசுக்குவேன்.

போன ஆயுதபூஜைக்கு அண்ணன் வந்தான். பல வருடத்துக்குப் பிறகு, தனியாக, ஐந்து நாளுக்கு. அப்பாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல். கைத்தடி இல்லாமல் நடப்பதில்லை. அவன் வருகிறான் என்று தெரிந்ததிலிருந்து ஒரே ஒரு ஆசையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பூஜை முடிந்ததும் அந்த வண்டியில், அண்ணன் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்ரீரங்கம் போய் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வர வேண்டும். போய்வந்ததும் வண்டியை என்ன செய்வதென்று அண்ணனே முடிவு சொல்லட்டும் என்றார். அதைக் கேட்டதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு சவாரி நல்லபடியாக முடிந்தால் அறை எனக்குத் திரும்பக் கிடைக்கும். இரண்டு வாரம் அந்த வண்டியைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டேன். பேட்டரி மாற்றினேன், பிளக்கைத் துடைத்தேன், டயருக்குக் காற்று அடித்தேன். பனி மருந்தும் நிறைய ஊற்றினேன்.

பூஜையன்று அப்பா புது வேட்டி கட்டி, அண்ணன் கொண்டுவந்த சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் சூடம் காட்டினேன். அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு, “பானெட் லீவர் எங்க இருக்கு?” என்று கேட்டான். எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. காட்டினேன். பிறகு சோக்கையும் காட்டினேன். “ஞாபகம் இருக்கு, ஞாபகம் இருக்கு” என்றான்.

இழுத்தான், கிளப்பினான். எஞ்சின் கத்தியது, வெள்ளைப் புகை எழுந்தது, தெருவே கைதட்டியது. வண்டி நகர்ந்து நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு ஷட்டருக்கு வெளியே வந்து நின்றது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு, “அங்கிள், ஒரு செல்ஃபி” என்றார்கள். அவன் கை சாவிக்குப் போவதைப் பார்த்தேன்.

“அண்ணா, ஆஃப் பண்ணாத! குமிழ் உள்ள போகட்டும்!”

“ஒரு நிமிஷம் இரு” என்றான். ஆஃப் செய்தான். இறங்கி வந்து வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தான்.

மறுபடி ஏறிச் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. பெட்ரோல் நாற்றம் தெருவுக்கு வந்துவிட்டது. நான் ஜன்னலோரம் போய், “விட்டுடு, பெட்ரோல் தேங்கிடுச்சு, பிளக்கக் கழட்டணும்” என்றேன். “இரு, வந்துடும்” என்று புது பேட்டரி மூச்சை விடும்வரை திருப்பிக்கொண்டே இருந்தான். பிறகு சாவியை உருவிக்கொண்டு, “சரி, பரவால்ல. டாக்ஸி போட்டுடலாம்ப்பா” என்று சாதாரணமாகச் சொன்னான்.

அப்பா இறங்கவில்லை. மடியில் கைத்தடியோடு நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருமண் வியர்வையில் கரைந்திருந்தது. மெல்லத் திரும்பி, அண்ணனைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

“இத்தன வருஷமா இதப் பாத்துக்கன்னு உங்கிட்டதானே குடுத்தேன்? அவன் வந்த அன்னிக்குத்தானா இப்படி விடணும்?”

எதிர்வீட்டுக்காரர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். பாதியில் ஆஃப் பண்ணினால் தலைகீழாக நின்றாலும் ஸ்டார்ட் ஆகாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். ஒரு வார்த்தை, ‘நான்தான் ஆஃப் பண்ணினேன்’ என்ற ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் போனில் டாக்ஸி தேடிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த விதியே மறந்துபோயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அது அவனுக்குச் சாதகமான விஷயம் இல்லை.

ஸ்ரீரங்கம் டாக்ஸியில் போய்வந்தார்கள். நான் போகவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளி முன்னறையில் ஏற்றினேன்.

அவன் கிளம்பிய காலை விமானநிலையத்துக்கு டாக்ஸி வரும்வரை இருவரும் வாசலில் நின்றோம். அப்பா உள்ளே படுத்திருந்தார். பேச ஒன்றும் இல்லாமல், “வண்டிய என்ன பண்ணச் சொல்ற?” என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் வண்டியைப் பற்றி நான் அவனிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவன் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தான். “இத ஏன் இன்னும் வெச்சிருக்கீங்கன்னு நானே கேக்கணும்னு இருந்தேன். கனடா போனப்பவே அப்பாகிட்ட சொல்லிட்டேனே, யாருக்காவது குடுத்துடுங்க, உன் ரூம் உனக்கு வேணும்னு. அப்பறமும் ரெண்டு மூணு தடவ சொன்னேன். உனக்குத்தான் வண்டி மேல ஆசை, நீதான் விட மாட்டேங்கறேன்னு சொன்னாரு.”

“அந்தச் சின்ன டேங்க்? அதக் காலியா விடக் கூடாதுன்னு நீ சொல்லல?”

“எந்த டேங்க்?” என்றான்.

டாக்ஸி வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு, “ஒடம்பப் பாத்துக்க” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவன்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் தவித்தது. இத்தனை வருடம் வெயிலில் வெந்ததற்கு ஆளை மாற்றிப் பழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் நல்லவன் என்று அதற்கு அர்த்தமில்லை. கிணற்றடியில் போனை வைத்துக்கொண்டு நின்ற அந்த மனிதர், போனை அணைத்துவிட்டு வந்து என்னிடம் உத்தரவுகளைத் தானாகவே உண்டாக்கிச் சொல்லியிருக்கிறார். பனிக்கான மருந்து குறையக் கூடாது என்பதுகூட அவர் கற்பனைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பானெட்டைத் திறந்து குனிந்து பிளக்கைக் கழற்றினேன். நாலு பிளக், எல்லாம் நனைந்து கிடந்தன. பெட்ரோல் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மிதியை முழுக்க அழுத்திச் சாவியைத் திருப்பித் திருப்பி உள்ளே தேங்கியதை வெளியே தள்ளினேன். பிளக் இருந்த துளைகளில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். பிளக்கைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, திரும்ப மாட்டினேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியிருந்தேன். ஏன் செய்தேன் என்றால், யார் கெடுத்தது, யார் சரிசெய்தது என்று அப்பா தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக. வேறு எதற்கும் இல்லை.

அவரை நானே கூப்பிட்டேன். கைத்தடியோடு வந்து உள்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கையெல்லாம் கரி, புடவையில் எண்ணெய். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினேன். நாலைந்து தடவை சுற்றி, செருமி, பிடித்துக்கொண்டது. அறை அதிர்ந்தது. வெள்ளைப் புகை ஷட்டர் வழியே தெருவுக்குப் போனது.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. வாய் நிறையச் சிரித்தார்.

“பாத்தியா? அவன் வந்து கைய வெச்சிட்டுப் போனான்ல, அதான். எசமான் கை பட்டதும் தெரிஞ்சுக்கிச்சு பாரு.”

நான் அவரைப் பார்த்தேன். குமிழைப் பார்த்தேன். முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் இன்னும் உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தது. கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

அமைதியானதும் தெருவில் காய்கறி வண்டிக்காரரின் குரல் கேட்டது.

அப்பா பதறிவிட்டார். “ஏய், ஏன் ஆஃப் பண்ண? குமிழ் உள்ள போகலையே! இனிமே ஸ்டார்ட் ஆகாதே!”

“ஆமாப்பா.”

“அண்ணன் கேட்டா என்ன சொல்லுவ?”

“அண்ணன் சொன்னதத்தாம்ப்பா செய்யறேன். கனடா போனப்பவே சொன்னானாமே.”

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன தெரிந்துகொண்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு திரும்பிக் கைத்தடியை ஊன்றி மெல்ல உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் வண்டியிலிருந்து இறங்கி மாடிக்குப் போய்க் கரும்பலகையின் ஆணிகளைக் கழற்றினேன். அதற்குப் பிறகு வந்த எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.